நிலவு அணு உலை: வெப்பத்தை எங்கே கொட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலவில் அணு உலை அமைக்கும் அமெரிக்கத் திட்டம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். அமெரிக்காவுக்கும் சீனா, ரஷ்யாவுக்கும் இடையிலான இந்தப் போட்டியில் யார் முந்துவார்கள் என்பதிலேயே கட்டுரையின் கவனம் இருந்தது. கடிதம் எழுதியவர்களில் சிலர் உலை வெடித்தால் நிலவு என்னாகும் என்று பயந்திருந்தார்கள். மற்றவர்கள் மனிதனால் முடியாதது எதுவுமில்லை என்று பாராட்டியிருந்தார்கள். உலை உண்டாக்கும் வெப்பத்தை என்ன செய்வார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. என் வேலைக்காலம் முழுவதும் அந்த வெப்பத்தோடுதான் கழிந்தது. அதனால் எழுதுகிறேன்.

கடலோரத்தில் உள்ள ஓர் அணுமின் நிலையத்தில், கடல்நீர் பம்புகளின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் நான். உலையை இயக்கியவர்கள் வேறு ஆட்கள். மின்சாரமாக மாற்ற முடியாமல் மிஞ்சும் வெப்பத்தைக் கடலுக்கு அனுப்பும் பக்கம்தான் என் பக்கம். அணுமின் நிலையத்தில் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியை ராத்திரி பகல் பாராமல் எங்காவது கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டுவது நின்றால் உலையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய பிறகும் எரிபொருள் சூடாகிக்கொண்டுதான் இருக்கும், அதையும் குளிர்விக்க வேண்டும். இந்த நிலையங்களைக் கடற்கரையிலும் ஆற்றங்கரையிலும் கட்டுவதற்குக் காரணம் இதுதான்.

நிலவில் கடலும் இல்லை, காற்றும் இல்லை. தரையிலாவது வெப்பத்தை இறக்கலாமா என்றால், அதற்கான பதிலை நம் சந்திரயான்-3 சொல்லிவிட்டது. 2023 ஆகஸ்டில் விக்ரம் லேண்டரில் இருந்த சாஸ்தே என்ற கருவி, நிலவின் மண்ணுக்குள் வெப்பமானியை இறக்கிப் பார்த்தது. மேற்பரப்புக்கும் வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் இடையே சுமார் 60 டிகிரி வித்தியாசம். மேலே வெயிலில் கொதிக்கும்போது, ஒரு சாண்கூட இல்லாத ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி. அந்த மண் வெப்பத்தைக் கடத்துவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதில் உலையைப் புதைத்தால் கதிரியக்கத்துக்கு நல்ல தடுப்பு கிடைக்கும். வெப்பம் போவதற்கு வழி கிடைக்காது.

ஆக மிஞ்சுவது ஒரே வழி. பெரிய பெரிய தகடுகளைச் சூடாக்கி, அவை வெப்பத்தை விண்வெளிக்குக் கதிர்களாக வீசும்படி விட்டுவிட வேண்டும். ரேடியேட்டர் என்று சொல்கிறார்கள். நம் கார் ரேடியேட்டருக்குக் காற்று உண்டு, இதற்கு அதுவும் கிடையாது.

எவ்வளவு பெரிய தகடு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூடான பொருள் எவ்வளவு வெப்பத்தை வீசும் என்று சொல்லும், கல்லூரி இயற்பியலில் வரும் ஸ்டெபான்–போல்ட்ஸ்மான் விதி போதும். நாசா 2025-ல் கேட்டது 100 கிலோவாட் மின்சாரம். வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கு மின்சாரமாகிறது என்று வைத்துக்கொண்டால், 300 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். 127 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் நல்ல கறுப்புத் தகடு, ஒரு பக்கத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,200 வாட் வீசும். அப்படியானால் 250 சதுர மீட்டர், அதாவது ஒரு கிரவுண்டுக்கும் மேல். தகட்டின் இரண்டு பக்கமும் வீசினால் பாதி போதும். ஆனால் நிலநடுக்கோட்டுப் பக்கம் நண்பகலில் தரையே 120 டிகிரிக்குக் கொதிக்கும். அந்தத் தரை வீசும் வெப்பம் தகட்டின் மேல் திரும்ப விழும். துருவப் பகுதியில் இந்தத் தொல்லை குறைவு.

தகட்டை இன்னும் சூடாக்கினால் சின்னதாகச் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். 227 டிகிரிக்கு ஏற்றினால் அதே தகடு ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பத்தை வீசும். ஆனால் கழிவு வெப்பம் அவ்வளவு சூடாக வெளியேறினால், வெப்பத்தை மின்சாரமாக்கும் இன்ஜினின் மறுமுனை அதைவிட மிக அதிகச் சூட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் குறைந்துபோகும். அதாவது உலையின் மையத்தை இன்னும் கொதிக்கவிட வேண்டும். அந்தச் சூட்டை ஆண்டுக்கணக்கில் தாங்கும் உலோகம் வேண்டும், வெல்டிங் வேண்டும், குழாய் வேண்டும். ஒரு பக்கம் எடையைக் குறைத்தால் இன்னொரு பக்கம் ஆயுள் குறைகிறது. இந்த இழுபறிக்குள்தான் நிலவு உலையின் வடிவமைப்பு முழுவதும் இருக்கிறது. செய்திகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை என்பது என் வருத்தம்.

அப்புறம் தூசி. நிலவுத் தூசியைத் தேய்த்து மழுங்கச் செய்யக் காற்றோ தண்ணீரோ அங்கே இல்லை, அதனால் அது கண்ணாடித் துகள் போலக் கூராக இருக்கிறது. மின்னேற்றம் பெற்று எதிலும் ஒட்டிக்கொள்கிறது. 1972-ல் அப்பல்லோ 16, 17 பயணங்களில் ஓட்டிய நிலவு வண்டிகளின் பேட்டரிகள், அவற்றைக் குளிர்விக்கும் பரப்புகளில் தூசி படிந்ததால் அளவுக்கு மீறிச் சூடாயின. வீரர்கள் பிரஷ் வைத்துத் துடைத்தும் முழுதாகப் போகவில்லை. அது சில நாள் ஓடிய வண்டி. உலையின் ரேடியேட்டர் பத்து ஆண்டுகள் அங்கே நிற்க வேண்டும், துடைக்கப் பக்கத்தில் ஆளும் இருக்கமாட்டார்.

நான் உலைக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். நிலவில் நீண்ட காலம் தங்கி வேலை செய்ய வேண்டுமென்றால் உலை தேவைப்படும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அங்கே ஓர் இரவு என்பது நம் கணக்கில் சுமார் 14 நாள். சந்திரயான்-3 திட்டத்தை விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் தலைமையேற்று நடத்தியதை நாமெல்லாம் கொண்டாடினோம். அதே 2023 செப்டம்பரில் இருட்டு வந்ததும் விக்ரமும் பிரக்யானும் உறங்கப் போயின, விடிந்த பிறகு எழவில்லை. ஒரு பகல் மட்டுமே இயங்க வேண்டும் என்று திட்டமிட்டு அனுப்பியவை அவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுப்பாதையில் இருந்த உந்துவிசைப் பகுதியில் மட்டும் ஒரு வாட் வெப்பம் தரும் இரண்டு கதிரியக்கச் சூடேற்றிகளைச் சோதனைக்காக வைத்திருந்தார்கள். தரையில் இறங்கியவற்றில் அது இல்லை. சீனாவின் சாங்'இ-4 அப்படிப்பட்ட சூடேற்றிகளோடு 2019-ல் நிலவின் மறுபக்கத்தில் இறங்கி, பல இரவுகளைத் தாண்டி வேலை செய்தது.

பேட்டரியை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நாசா பேசிவந்த 40 கிலோவாட்டை 14 நாள் இருட்டு முழுக்கத் தர வேண்டுமானால், கிலோவுக்கு 200 வாட்-மணி என்ற நல்ல லித்தியம் பேட்டரியிலும் எழுபது டன் அளவுக்குத் தேவைப்படும். அந்த 40 கிலோவாட் உலைக்கு நாசா வைத்த எடை வரம்போ 6 டன். தென்துருவத்தில் ஷாக்கிள்டன் பள்ளத்தின் விளிம்பு போன்ற சில மேடுகளில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் கிடைக்கும், அங்கே சூரியத் தகடுகள் போதும். ஆனால் எல்லோரும் தேடிப் போகும் தண்ணீர்ப் பனி, வெயிலே படாத பள்ளங்களின் அடியில் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழான குளிரில் கிடக்கிறது.

தேவை இருக்கிறது, சரி. இதுவரை செய்து பார்த்தது எவ்வளவு? அமெரிக்கா விண்வெளியில் இயக்கிய அணு உலை ஒன்றே ஒன்றுதான். ஸ்னாப்-10ஏ என்று பெயர், 1965 ஏப்ரலில் சுற்றுப்பாதைக்குப் போனது. 43 நாள் ஓடி நின்றுவிட்டது. உலையில் ஒரு கோளாறும் இல்லை. கலத்தில் இருந்த மின்னழுத்தச் சீராக்கி ஒன்று பழுதானதால் எல்லாம் நின்றது. அந்த உலை இன்றும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பராமரிப்பு வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கதை ஆச்சரியம் தராது. பெரிய இயந்திரங்களை நிறுத்துவது பெரும்பாலும் ஒரு பேரிங், ஒரு சீல், ஒரு ரிலே, எங்கோ தளர்ந்த ஒரு ஒயர். நாங்கள் பம்பின் உடம்பில் கை வைத்தே அதிர்வு மாறுவதைக் கண்டுபிடிப்போம். மீட்டர் காட்டுவதற்கு முன்பே மூத்த ஃபிட்டர்களுக்குச் சத்தம் சொல்லிவிடும்.

அடுத்தது 2018-ல் அமெரிக்காவின் நெவாடாவில் செய்த, கிலோபவர் என்ற சின்ன விண்வெளி உலையின் சோதனை. அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 800 டிகிரி வரை சூடான யுரேனிய மையத்திலிருந்து வெப்பத்தை எடுத்துவர அதில் பம்பே கிடையாது. சோடியம் அடைத்த குழாய்கள், தனித்தனியாக. ஒன்று பழுதானால் மற்றவை வேலையைப் பார்த்துக்கொள்ளும். வேண்டுமென்றே சில கோளாறுகளை உண்டாக்கியும் பார்த்தார்கள், உலை தானாகவே தன்னைச் சமாளித்துக்கொண்டது. நல்ல வேலை. ஆனால் அது சில கிலோவாட் வெப்பம் தந்த சின்ன உலை. முழுச் சக்தியில் ஓடியது 28 மணி நேரம், அதுவும் பூமியில், சுற்றிலும் ஆட்கள் இருக்க.

அதற்குப் பிறகு 2022-ல் 40 கிலோவாட் உலைக்கான வடிவமைப்புக்கு மூன்று நிறுவனக் குழுக்களுக்குத் தலா 50 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில், அப்போது நாசாவின் இடைக்காலத் தலைவராக இருந்த ஷான் டஃபி, அளவு 100 கிலோவாட் என்றும் 2030-க்குள் ஏவத் தயாராக வேண்டும் என்றும் உத்தரவு போட்டது வெளியே வந்தது. வாயுவைச் சூடாக்கி டர்பைனைச் சுழற்றும் பிரேட்டன் முறையில் செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அளவு பெரிதானால் அந்த முறை பொருத்தம்தான். ஆனாலும் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுழலும் ஒரு தண்டை, கை படாத இடத்தில், பத்து ஆண்டுகள் ஓடவிடப் போகிறார்கள். அந்தத் தண்டின் பேரிங்கைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் நடந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். முதல் அலகு அப்போது பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது, இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. சுனாமித் தண்ணீர் பம்பு வீட்டுக்குள் ஏறி, கடல்நீர் பம்புகள் நின்றன. பணியில் இருந்தவர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். சில நாட்களில் அது மறுபடி ஓடத் தொடங்கியது. கருவிகளும் விதிமுறைகளும் சரியாக இருந்தன, கூடவே ஆட்களும் இருந்தார்கள். நிலவில் உள்ள உலைக்குப் பூமியிலிருந்து கட்டளை போய்ப் பதில் வர மூன்று விநாடிக்கும் குறைவுதான் ஆகும். நிறுத்து என்று சொல்ல அது போதும். ஸ்பேனர் பிடிக்க அது உதவாது. நிலவிலும் நடுக்கம் உண்டு. அப்பல்லோ வைத்துவிட்டு வந்த கருவிகள் 1977 வரை பதிவுசெய்த ஆழமற்ற நிலவு நடுக்கங்கள் 28. அவற்றில் பெரியவை ரிக்டர் 5 அளவை எட்டின, அதிர்வு பத்து நிமிடத்துக்கு மேலும் நீடித்தது.

உலை முதலில் ஒழுங்காக இறங்கவும் வேண்டும். 2019-ல் நம் சந்திரயான்-2-ன் விக்ரம் மோதி உடைந்தது. 2024 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஒடிசியஸ் கலம் கால் உடைந்து சாய்ந்தது, அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே நிறுவனத்தின் அத்தீனா பள்ளத்தில் பக்கவாட்டில் கிடந்தது. ஒரு கேமரா சாய்ந்து கிடந்தால் படம் கோணலாக வரும். உலை சாய்ந்தால் ரேடியேட்டரை விரிக்கவே முடியாது.

சரியாக இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கதிரியக்கம் காரணமாக மனிதர்கள் தங்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி வைக்க வேண்டும் என்கிறார்கள், அல்லது மண்ணைத் தோண்டிப் புதைக்க வேண்டும், அதற்குத் தோண்டும் இயந்திரம் முன்னாலேயே போக வேண்டும். பக்கத்தில் வேறு எந்தக் கலமும் இறங்கவும் கூடாது. 1967-ல் இறங்கிய, ஆளில்லாத சர்வேயர்-3 கலத்திலிருந்து 160 மீட்டர் தள்ளித்தான் 1969-ல் அப்பல்லோ 12 இறங்கியது. வீரர்கள் சர்வேயரின் சில பாகங்களைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்தபோது, ராக்கெட் புகை விசிறியடித்த மண் அவற்றைக் குத்திக் குதறியிருந்தது தெரிந்தது. ரேடியேட்டர் தகட்டுக்கு அது நேர்ந்தால் என்ன ஆகும்? ஆகவே உலையைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்தை ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் இது பொறியியலிலிருந்து அரசியலுக்குப் போகிறது. சீனாவும் ரஷ்யாவும் முதலில் உலை வைத்துவிட்டால், மற்றவர்கள் வரக்கூடாத பகுதி என்று அறிவித்துவிடக்கூடும், அதனால் அமெரிக்கா முந்த வேண்டும் என்று டஃபியின் உத்தரவே சொல்கிறது. 1967-ம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலவில் இடத்தைச் சொந்தம் கொண்டாட முடியாது. பாதுகாப்புக்காக விலகி நில்லுங்கள் என்று சொல்வதற்கு அதில் தடை இல்லை. பனி இருக்கும் நல்ல இடங்கள் தென்துருவத்தில் குறைவு. அந்த இடத்தில் முதலில் உலை வைத்தவருக்கு, உலையே வேலியாகிவிடும்.

இந்த அவசரம்தான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. அணு உலையை நாள் குறித்துக்கொண்டு கட்டக்கூடாது. வெடிப்பைப் பற்றிய பயம் வேண்டாம். இது மிகச் சின்ன உலை, ஏவும்போது இயங்காத நிலையில் போகும், இயங்காத யுரேனியத்தின் கதிரியக்கம் மிகக் குறைவு. இயங்கிய உலை பூமியில் விழுவதுதான் ஆபத்து. 1978 ஜனவரியில் அணு உலை வைத்திருந்த சோவியத்தின் காஸ்மாஸ்-954 செயற்கைக்கோள் அப்படித்தான் கனடாவின் வடமேற்கில் சிதறி விழுந்தது. பனிப்பாலையில் பல மாதம் தேடிப் பொறுக்கினார்கள். கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது, 1981-ல் சோவியத் 30 லட்சம் கொடுத்தது. ஏவும்போது கடலில் விழுந்தாலும், தண்ணீர் சூழ்ந்த நிலையில் உலை தானாக இயங்கத் தொடங்காதபடி வடிவமைத்திருக்க வேண்டும். இவை தீர்க்க முடியாத பிரச்சினைகள் இல்லை. தீர்த்துவிட்டார்களா என்பதை வெளியார் சரிபார்க்க நேரம் வேண்டும்.

1992-ல் ஐ.நா. பொதுச்சபை விண்வெளியில் அணுசக்தி பற்றிய கொள்கைகளை ஏற்றது. ஒவ்வோர் ஏவுதலுக்கும் முன்பு பாதுகாப்பு மதிப்பீட்டை உலகத்துக்கு வெளியிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. மிக நல்ல விதி. ஆனால் அந்த ஆவணம் பழசாகிவிட்டது. உலைகளை எங்கெங்கே இயக்கலாம் என்று அது தரும் பட்டியலில் நிலவின் தரை தனியாக இடம்பெறவில்லை. உயர்செறிவு யுரேனியத்தை (எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 அதிகமாக உள்ளதை) மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் அது சொல்கிறது; அமெரிக்காவின் இப்போதைய வடிவமைப்புகளோ, ஆயுதத்துக்குப் போய்விடும் என்ற நியாயமான பயத்தால், 20 சதவீதத்துக்கும் குறைவான செறிவுக்கு மாறியிருக்கின்றன. பத்து ஆண்டு முடிந்த பிறகு அந்த உலையையும், நியூட்ரான் பட்டுக் கதிரியக்கம் ஏறிய சுற்றுமண்ணையும் யார் பொறுப்பில் விடுவது என்பதற்கும் அதில் விடை இல்லை. பூமியில் ஒரு நிலையத்தை மூடும் செலவுக்கு, ஓடும் காலத்திலேயே பணம் ஒதுக்கி வைக்கிறார்கள்.

இந்தியா 2023 ஜூனில், நிலவு ஆய்வுக்கு அமெரிக்கா முன்னின்று உருவாக்கிய ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு. ரஷ்யாவோடு அணுசக்தியில் நெடுங்கால உறவும் நமக்கு உண்டு. இரு தரப்பிடமும் பேசக்கூடிய இடத்தில் நாம் இருக்கிறோம். வியன்னாவில் கூடும் ஐ.நா. விண்வெளிக் குழுவில், 1992-ம் ஆண்டுக் கொள்கைகளை நிலவுத் தரைக்கும் பொருந்தும்படி திருத்த வேண்டும் என்று இந்தியா முன்மொழிய வேண்டும். விலகி நிற்க வேண்டிய வட்டத்தின் அளவை உலை வைக்கும் நாடே முடிவு செய்யக்கூடாது. கதிரியக்க அளவையும் தூசி வீச்சையும் வைத்துப் பொதுவான முறையில் கணக்கிட வேண்டும். உலை நின்ற பிறகு அதை யார் கவனிப்பது என்ற பொறுப்பை ஏவுவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். முதல் உலை போய் இறங்கிவிட்டால் அப்புறம் அதைப் பார்த்துத்தான் விதி எழுதுவார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தச் செய்தி வரும்போது, கிலோவாட்டோடு சேர்த்து ரேடியேட்டரின் பரப்பளவையும், பழுது பார்க்கும் ஏற்பாட்டையும், பாதுகாப்பு மதிப்பீடு வெளியானதா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் வெப்பம் கடத்துவதையே தொழிலாகக் கொண்ட பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்றவர்களும் நிறையப் பேர். கேட்டால் விளக்கிச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்பு பராமரிப்பு மேற்பார்வையாளர்,
செங்கல்பட்டு மாவட்டம்